கைக்கடிகாரத்துக்குத் திருநீறு

என் கொழுந்தனார் பஸ்ராவிலிருந்து திரும்பி வந்தபோது ஒரு தகரப்பெட்டியும் ஒரு சாக்குப் பொதி பேரீச்சம்பழமும் இடது மணிக்கட்டில் ஓடாத கடிகாரம் ஒன்றும் கொண்டுவந்தார். முதல் ஜெர்மன் சண்டை முடிந்த மறு வருஷம், ஆனி மாதம். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இரண்டரை வருஷம் கம்பவுண்டராக இருந்துவிட்டு வருகிறார். அப்போது என் வீட்டுக்காரர் சேரன்மகாதேவி ரயிலடியில் தந்தி குமாஸ்தா. ரயிலடிக்குப் பின்புறம் இருந்த சின்ன ரயில்வே வீட்டில் அவரும் நானும் என் அத்தையும் இருந்தோம். அத்தை என்றால் எனக்கு மாமியாரும் அவர்தான், அப்பாவோடு கூடப் பிறந்தவரும் அவர்தான்.

மகன் வண்டியிலிருந்து இறங்கியதும் அத்தையின் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கடிகாரம்தான். கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏலே, என்னது இது? பொம்பளையாளு மாதிரி கையில கட்டிட்டு வந்து நிக்க?"

"கடியாரம்மா."

"கடியாரத்தைச் சட்டைப் பையிலல்லா வைப்பாங்க? ஸ்டேஷன் மாஸ்டர் வச்சிருக்காரு, பாத்ததில்லையா?"

பிளாட்பாரத்தில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் அதுவரை யாரும் ஆம்பிளை கையில் கடிகாரத்தைப் பார்த்ததில்லை. மூட்டை தூக்கும் ஆள் ஒருவர் அதற்கு அங்கேயே 'வளையல்' என்று பேர் வைத்துவிட்டார். கொழுந்தனாருக்குக் கோபம் வரவில்லை. அவரும் சிரித்துக்கொண்டே காரணம் சொன்னார். ஒரு கையில் நோயாளியின் நாடியைப் பிடித்திருப்பாராம், இன்னொரு கையில் விளக்கு இருக்குமாம். பையிலிருந்து கடிகாரத்தை எடுக்க மூன்றாவது கைக்கு எங்கே போக? அதனால் அங்கே எல்லோருமே கையில் கட்டிக்கொண்டார்களாம்.

காரணம் சரிதான். ஆனால் கடிகாரத்தின் கோலத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டரை வருஷம் மணல் காற்றில் கிடந்ததில் முகப்பு முழுக்கக் கீறல். மார்கழிப் பனி மூடின ஜன்னல் மாதிரி இருந்தது. உள்ளே முள் இருப்பது நிழலாகத்தான் தெரியும். வெள்ளிக் கூடு கறுத்து ஈயம் போல ஆகிவிட்டது. தோல் வார் வியர்வையில் ஊறி வெடித்திருந்தது. கப்பல் ஏறுவதற்குச் சில நாள் முந்தி அடித்த மணல் புயலில் அது நின்றே போய்விட்டதாம்.

அவருக்கு அந்தக் கடிகாரம் வேண்டியிருந்தது. அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை சொல்லியிருந்தார்கள். ஆடி பிறக்குமுன் வந்து சேர வேண்டும். கடிகாரத்தின் கீழ்ப்பாதியில் விநாடி காட்டுகிற சின்ன முள் ஒன்று தனியாக உண்டு. நாடி எண்ணுவது அதைப் பார்த்துத்தான். வந்த நாலாம் நாள் திருநெல்வேலியில் கடிகாரக் கடைக்கு எடுத்துப் போனார். பகல் வண்டியில் போனவர் அடுத்த வண்டியிலேயே திரும்பிவிட்டார்.

"என்ன சொன்னாங்க தம்பி?" என்று கேட்டேன்.

"'இது கொலுசு வாங்குத கடைக்குப் போக வேண்டிய சாமான், இங்கன எதுக்குவே கொண்டாந்தீரு'ன்னு சிரிக்காரு மதினி. முகப்பை மாத்தணும்னா பம்பாய்க்கு அனுப்பணுமாம். மூணு மாசம் ஆகுமாம்."

கடிகாரத்தைத் தகரப்பெட்டிக்குள் போட்டு மூடினார். ஆனால் சாப்பிட உட்காரும்போதும், வண்டிச் சத்தம் கேட்கும்போதும் இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார். அங்கே வெயில் படாத தோல் மட்டும் ஒரு பட்டை வெளுப்பாகத் தெரியும். பார்த்துவிட்டு, சொறிவதற்காகத் திருப்பினவர் போலச் சொறிந்துகொள்வார். எனக்குச் சிரிப்பு வரும், பாவமாகவும் இருக்கும்.

வெள்ளிக்கிழமை பூஜைச் சாமான் துலக்குவது என் வேலை. வெள்ளிச் செம்பையும் குங்குமச் சிமிழையும் திருநீறு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு, கடிகாரக் கூடும் வெள்ளிதானே என்று தோன்றியது.

"தம்பி, அதை எடுத்துட்டு வாங்க. ஓடுதோ ஓடலையோ, வெள்ளியை மட்டும் துலக்கித் தாரேன்."

"எதுக்கு மதினி?" என்றார். ஆனாலும் எடுத்துவந்து கொடுத்தார்.

ஈரத்துணியில் திருநீற்றைத் தொட்டு விளிம்பைத் தேய்த்தேன். கறுப்பு விட்டு வெள்ளி வெளுக்க ஆரம்பித்தது. தேய்க்கிற வேகத்தில் விரல் வழுக்கி முகப்பு மேலும் ஏறி ஏறி இறங்கியிருக்கிறது. துடைத்துப் பார்த்தால், விரல் பட்ட ஓரத்தில் மட்டும் பிறை நிலா அளவுக்குத் தெளிந்திருந்தது. அந்தப் பிறைக்குள் ரோமன் எழுத்தில் ஒரு ஒன்பது துல்லியமாகத் தெரிந்தது.

நான் போட்ட கூச்சலில் அத்தை அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

"ஏளா, திருநீத்தைப் போட்டா இதைத் தேய்க்க? இது என்ன குத்துவிளக்கா?"

"அத்தை, இங்கன பாருங்க, ஒம்பது தெரியுது!"

அத்தை குனிந்து பார்த்தார். எழுத்தை விட வாசனைதான் அவரைப் பிடித்து நிறுத்தியது. மூக்கை உறிஞ்சினார். "கற்பூரம்லா மணக்கு?"

நிஜம்தான். தேய்த்த சூட்டில் கடிகார முகப்பிலிருந்து கற்பூர வாசம் வந்தது. அத்தை சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கொழுந்தனார் சிரித்துக்கொண்டே விளக்கினார். "இது கண்ணாடியே இல்லம்மா. சண்டையில கண்ணாடி தெறிச்சுப் போயிருதுன்னு சீப்பு செய்யுத சாமான்ல பண்ணியிருக்கான். செல்லுலாய்டுன்னு பேரு. அதுல கற்பூரம் சேக்கான்."

அத்தைக்குச் சீப்பும் சண்டையும் காதில் ஏறவில்லை. உள்ளே போய் ஒரு சின்னப் பொட்டலத்தோடு வந்தார். திருச்செந்தூர் கோயிலில் கொடுத்த பன்னீர் இலை விபூதி. "நீ வச்சிருக்கது கரகரன்னு இருக்கும். இது மாவு மாதிரி. இதைப் போட்டுத் தேயி" என்றார். அந்த நிமிஷத்திலிருந்து கடிகாரம் வீட்டுக் காரியம் ஆகிவிட்டது.

திருநீறு மட்டும் போதவில்லை. மேலாகக் கிடந்த கீறல்கள் போயின, ஆழமானவை அசையவில்லை. அதற்கு ஒரு வழி செய்தேன். பல் துலக்குகிற உமிக்கரியை அம்மியில் நுணுக்கி, மல் துணியில் இரண்டு தடவை சலித்து, நல்லெண்ணெயில் குழைத்து, முதலில் அதைப் போட்டுத் தேய்த்தேன். முகப்பு முழுவதும் ஒரே சீராக மங்கிப்போனது. ஆழக் கீறல் இருந்த இடமும் இல்லாத இடமும் ஒன்றாகிற வரைக்கும் விடவில்லை. அப்புறம்தான் திருநீறு. நேராக இழுத்தால் புதுக் கீறல் விழுகிறது என்பதை அரைமணி நேரத்தில் தெரிந்துகொண்டேன். பழைய வேட்டித் துண்டை விரலில் சுற்றி, மாவு திரிக்கிற மாதிரி வட்டம் வட்டமாகத்தான் தேய்க்க வேண்டும். ஆள்காட்டி விரல் ஓய்ந்தால் நடு விரல், அதுவும் ஓய்ந்தால் கொழுந்தனார். மூன்று நாள் பகலெல்லாம் இதே வேலை. ரசம் பொங்கி அடுப்பு அணைந்ததற்குக்கூட அத்தை ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் நான்தான் கெடுத்தேன். எண்ணெய்ப் பிசுக்கு போகட்டும் என்று கொழுந்தனாரின் மருந்துப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட்டை ஒரு சொட்டு பஞ்சில் தொட்டு முகப்பைத் துடைத்தேன். கண் முன்னால் அது பால் போல வெளுத்தது. ஒன்பதும் போயிற்று, பத்தும் போயிற்று.

"தம்பி... என்னமோ ஆயிட்டு."

அவர் வந்து பார்த்தார். விரலால் தொட்டார். பிசுபிசுவென்று ஒட்டியது. அவர் முகமும் ஒரு கணம் விழுந்துவிட்டது. "ஸ்பிரிட்டு பட்டா இது கரையும் மதினி. நான்தான் சொல்லியிருக்கணும்" என்றார். தப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரும் அதை வெயில் படாத மூலையில் வைத்தோம். மறுநாள் காலையில் காய்ந்து இறுகியிருந்தது. வேறு வழி தெரியாமல் செந்தூர் விபூதியையே தொட்டுப் பைய ஒரு வட்டம் போட்டேன். வெண்மை விட்டது. இன்னும் நாலு வட்டம் போட்டேன், இன்னும் விட்டது. மேலாக இளகி இறுகினதில் மிச்சமிருந்த நுணுக்கக் கீறல்களும் அடைபட்டிருக்க வேண்டும். மத்தியானத்துக்குள் முகப்பு, ஆற்றுத் தண்ணீருக்குள் கிடக்கிற கூழாங்கல்லைப் பார்க்கிற மாதிரித் தெளிந்துவிட்டது. பன்னிரண்டு எழுத்து, இரண்டு நீல முள், கீழே காசு மாதிரி சின்ன விநாடி வட்டம், எல்லாம் தெரிந்தன. இவ்வளவு அழகு அதற்குள் இருந்தது அவருக்கே மறந்துபோயிருந்தது.

அந்தத் தைரியத்தில் பின்பக்க மூடியையும் கையில் எடுத்தேன். அங்கேயும் கீறல்கள். காற்றடித்த கீறல் போலக் கண்டபடி இல்லாமல், பக்கத்தில் பக்கத்தில், நேர் நேராக, ஊசியால் கிழித்த மாதிரி சின்னச் சின்னக் கோடுகள். எனக்கு அது ஒன்றும் உறைக்கவில்லை. உமிக்கரியைப் போட்டு அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தேன். கிணற்றடியிலிருந்து வந்த கொழுந்தனார் பார்த்துவிட்டார்.

"மதினி, மதினி, நிறுத்துங்க! அது கீறல் இல்ல!"

கையை எடுத்தேன். பாதிக்கு மேல் போயிருந்தது. ஐந்து கோடுதான் மிச்சம்.

"பின்ன என்ன தம்பி இது?"

அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "வீட்டுலயிருந்து காயிதம் வரும்லா. ஒவ்வொண்ணு வரும்போதும் ஒரு கோடு போடுவேன். பதிமூணு வந்துச்சு."

அந்தக் கடிதங்களை எழுதினவள் நான். அத்தைக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். பாளையங்கோட்டையில் மிஷன் பெண்கள் பள்ளியில் படித்ததற்கு அந்த வீட்டில் கிடைத்த பிரயோஜனம் அதுதான். 'எழுதினவளே அழிச்சிட்டேனே' என்று நான் புலம்ப ஆரம்பித்ததும் அவர் சிரித்துவிட்டார்.

"அழிஞ்சா என்ன? வந்தது வந்ததுதான. எல்லாம் எனக்கு மனப்பாடம். 'கொய்யா காய்ச்சிருக்கு, நீ இல்லாததுல அணில்தான் எல்லாத்தையும் திங்கி'ன்னு ஒண்ணுல இருந்துச்சு. அதைப் படிச்சிட்டு வார்டு முழுக்கச் சொல்லிச் சிரிச்சேன்."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தை சுளகைக் கீழே வைத்தார். "கொய்யாவா? நான் கொய்யாவைப் பத்திச் சொல்லவே இல்லையே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியை ஆடு கடிச்சது?" என்று கொழுந்தனார் கேட்டார்.

"அதையும் நான் சொல்லல!"

"அம்மா தினமும் உன் தட்டையும் சேத்துக் கழுவிக் கவுத்தி வைக்கான்னு எழுதியிருந்ததே?"

அத்தை என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அவர் எழுதச் சொன்னதெல்லாம் 'உடம்பைப் பார்த்துக்கொள், கண்ட தண்ணீரைக் குடிக்காதே, திருநீறு பூசாமல் சாப்பிடாதே' என்பதுதான். தாளில் மிச்சமிருந்த இடத்தையெல்லாம் நான் என் இஷ்டத்துக்கு நிரப்பியிருந்தேன். இரண்டரை வருஷமாக யாருக்கும் தெரியாது.

"தட்டுல தூசி படியும்லா. அதுக்காகக் கழுவுனேன்" என்றார் அத்தை, யாரையும் பார்க்காமல். அப்புறம் சுளகை எடுத்தார், திரும்ப வைத்தார். "ஏட்டி, இன்னும் என்னெல்லாம் எழுதுன? ஒண்ணு விடாம இப்பம் சொல்லு."

சொன்னேன். நான் மறந்ததைக் கொழுந்தனார் எடுத்துக்கொடுத்தார். ஆட்டுத் தொப்பிக் கதையைக் கேட்டு அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். வேலை முடிந்து உள்ளே வந்த என் வீட்டுக்காரர், மூன்று பேரும் கண்ணில் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று வாசலிலேயே நின்றுவிட்டார். மிச்சமிருந்த ஐந்து கோட்டை நான் தொடவில்லை. சுற்றிலும் மட்டும் துலக்கினேன்.

இனி ஓட வைக்க வேண்டியதுதான். அது என் வீட்டுக்காரர் பங்கு. தந்திக் கருவியைச் சரி செய்கிற பொடித் திருப்புளிகள் அவரிடம் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை, சாரல் காற்று உள்ளே வராமல் ஜன்னல் கதவுகளைச் சாத்தி, வெள்ளை வேட்டியைத் தரையில் விரித்து, அதன் நடுவில் பூத்தட்டு ஒன்றை வைத்து உட்கார்ந்தார். ஏதாவது தெறித்து விழுந்தால் வெள்ளையில் தெரியும் அல்லவா. "யாரும் தும்மப்படாது" என்று உத்தரவு. மூடியைத் திறந்ததும் உள்ளே தங்க நிறத்தில் சக்கரத்துக்குள் சக்கரம். சிவப்புப் பொட்டு மாதிரி கல் வைத்துப் பதித்திருந்தது. அதையெல்லாம் அவர் கழற்றத் துணியவில்லை. பெருக்கிக் காட்டுகிற கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"ஒரே ஒரு மணல் கிடக்கு, அந்தப் பல்லுக்கு இடையில."

என்னையும் பார்க்கச் சொன்னார். கடுகை நாலாக்கினால் எவ்வளவு, அவ்வளவு கூட இல்லை. புறாச் சிறகின் நுனியைத் தெளிந்த மண்ணெண்ணெயில் நனைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதைத் தொட்டு எடுத்தார். மற்ற இடங்களையும் சிறகால் வருடினார். தையல்காரரிடம் வாங்கி வந்த மிஷின் எண்ணெயை ஊசி நுனியில் தொட்டு இரண்டு இடத்தில் மட்டும் வைத்தார். பிறகு பக்கவாட்டில் சின்னக் குமிழாக இருந்த சாவியைத் திருகினார். ஒன்றும் நடக்கவில்லை. லேசாக ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே இருந்த மெல்லிய சக்கரம் ஒன்று திடுக்கிட்டு எழுந்த மாதிரி இப்படியும் அப்படியும் ஆட ஆரம்பித்தது. குருவிக் குஞ்சைக் கையில் எடுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளுமே, அப்படி.

கொழுந்தனார் அண்ணனை அப்படியே தூக்கிவிட்டார். "ஏலே, விடு, தட்டு கவுந்திரும்!" என்று அவர் கத்தினார்.

வார் ஒன்றுதான் பாக்கி. அதற்கு அத்தை குறுக்கே நின்றார். "தோலைக் கையில கட்டிட்டு எப்படிலே பூஜையறைக்குள்ள வருவ? பட்டாளத்துல எப்படியோ, இங்கன நடக்காது." அவர் பிடித்த பிடியில் நிற்பார். பிறகு எனக்குத்தான் யோசனை வந்தது. பத்தமடை எங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கே நெய்கிற பட்டுப்பாயைச் சேலை மாதிரி மடிக்கலாம்.

மறுநாளே அத்தையும் நானும் மாட்டு வண்டியில் போனோம். எங்கள் கலியாணப் பாயை நெய்த ஒரு முஸ்லிம் அம்மாள் அங்கே இருந்தார். ஒரு விரல் அகலம், ஒரு சாண் நீளம் என்று நான் அளவு சொன்னதும் அவர் கையிலிருந்த கோரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன தாயி இது, எலிக்குக் கலியாணமா? இம்புட்டுப் பாயில யாரு படுப்பா?"

விஷயத்தைச் சொன்னேன். கடிகாரத்தையும் காட்டினேன். காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "மாஷா அல்லா, உசுரு இருக்கே" என்றார். முடி மாதிரி கிழித்த கோரையில், நூல் பாவில், அப்போதே உட்கார்ந்து நெய்ய ஆரம்பித்தார். கரும்பச்சையில் நடுவே ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தைத் துணி வைத்துத் தைத்தும் கொடுத்தார். அதற்குள் அத்தையும் அவரும் பிள்ளைகள் கதையைப் பேசித் தீர்த்துவிட்டார்கள். அவர் மகன் கொழும்பில் இருந்தான். அந்தப் பிள்ளைக்கும் கடிதம் எழுதும்போது இவளைக் கூப்பிடு, பாதி இவளே எழுதிவிடுவாள் என்று அத்தை சொன்னது என் காதிலும் விழுந்தது.

நேரம் சரியாக வைப்பதற்கு நாங்கள் எங்கும் போக வேண்டியதில்லை. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு மதராஸிலிருந்து தந்திக் கம்பி வழியாக நேரம் வரும். அதற்குச் சற்று முன் கம்பியில் மற்றப் பேச்செல்லாம் நின்றுவிடும். ஸ்டேஷன் மாஸ்டர் அன்றைக்கு ஒரு நாள் எங்களைத் தந்தி அறைக்குள் வர அனுமதித்தார். அந்த அறைக்குள் நான் போனது அன்றுதான். சுவர்க் கடிகாரத்தை விட்டுவிட்டு எல்லோரும் கொழுந்தனார் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம். தந்திக் கருவி 'கட்' என்று தட்டியது. கொழுந்தனார் இழுத்து வைத்திருந்த கடிகாரச் சாவியை அழுத்தினார். மறுநாள் பார்த்தால் மூன்று நிமிஷம் பின்தங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் மூடியைத் திறந்து உள்ளே வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்ன நெம்பை மயிரிழை நகர்த்தினார். அதற்கடுத்த நாள் அரை நிமிஷம்கூட வித்தியாசமில்லை. 'வளையல்' என்று பேர் வைத்தவர் வந்து, கையில் கட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார்.

ஆனி கடைசியில் கொழுந்தனார் வேலைக்குப் புறப்பட்டார். அத்தைக்கு முறுக்கு நேரத்துக்கு வேகவில்லை. வண்டி வந்து நின்ற பிறகுதான் தூக்குச்சட்டியோடு வீட்டிலிருந்து ஓடி வந்தார். கார்டு கொடியை எடுத்துவிட்டார். ஜன்னலோரம் இருந்த கொழுந்தனார் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு."

கார்டு தன் பைக் கடிகாரத்தை எடுத்தார். ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே கொடியைத் தாழ்த்தினார்.

அத்தை தூக்குச்சட்டியை உள்ளே கொடுத்துவிட்டு, வெறுங்கையை ஜன்னலுக்குள் நீட்டினார். "எல்லாருக்கும் பாக்கப் போறேல்லா? எனக்குப் பாரு."

கொழுந்தனார் அம்மாவின் நாடியைப் பிடித்தார். வாய்க்குள் எண்ணினார். அந்த நிமிஷம் முழுவதும் என் வீட்டுக்காரர், ஸ்டேஷன் மாஸ்டர், கார்டு, எல்லோரும் அந்தச் சின்ன முள் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"எத்தனைலே?"

"நூத்திப் பத்தும்மா! எதுக்கு இப்படி ஓடியாந்த?"

வண்டி நகர்ந்தது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அத்தை எதிர்ப்பட்டவர்களிடம் "எனக்கு நூத்திப் பத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தார். முந்தின நாள் கொழுந்தனார் எனக்கும் நாடி பார்த்திருந்தார்; எனக்கு எத்தனை வந்தது என்று அத்தை விசாரித்தார். எழுபத்தெட்டு என்றேன்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு, கம்பீரமாக முன்னால் நடந்தார்.